அமெரிக்க விளக்கும் அடுத்த வீட்டுக் கரண்ட்டும்

வெளிநாட்டுப் பெட்டியைக் கூடத்தில் வைத்துத் திறக்கும்போது வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் கழுத்து ஒரு முழம் நீண்டுவிடும். சாக்லேட், சோப்பு, சென்ட் எல்லாம் வந்த அன்றே அக்கம்பக்கத்துக்குப் பங்கு போய்விடும். அதில் ஒன்றும் கஷ்டமில்லை. கஷ்டம் எங்கே வருகிறது என்றால், அடியில் துண்டில் சுற்றி வைத்திருக்கிற மின்சாரச் சாமானில்தான். மகனோ மகளோ ஆசையாக வாங்கி வந்ததாயிற்றே, உடனே போட்டுப் பார்க்க வேண்டுமே என்று கை பரபரக்கும். அந்தப் பரபரப்பில் பிளக்கைச் சொருகுவதற்கு முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து என்ன பார்க்க வேண்டும் என்பதைத்தான் இந்த இதழில் எழுதப் போகிறேன். இரண்டு மூன்று சகோதரிகள் லாவா விளக்கைப் பற்றியே கேட்டிருப்பதால் அதையே உதாரணமாக வைத்துக் கொள்கிறேன்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. லாவா விளக்கு என்பது நீளமான கண்ணாடிக் குப்பி. உள்ளே கலர் தண்ணீர். அடியில் மெழுகு உறைந்து கிடக்கும். கீழே பீடத்துக்குள் ஒரு பல்ப். விளக்கைப் போட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆனதும் மெழுகு இளகி, உருண்டை உருண்டையாக மேலே எழும்பும், மேலே போய் ஆறியதும் கீழே இறங்கும். கொதிக்கிற தண்ணீரில் போட்ட கொழுக்கட்டை முதலில் அடியில் கிடந்து, வெந்ததும் மேலே வருகிறதல்லவா, பார்ப்பதற்கு அப்படித்தான். ஆனால் இதில் வேகிற கதை இல்லை. மெழுகு குளிர்ந்திருக்கும்போது தண்ணீரைவிட இம்மி கனம். சூடேறி விரிந்தால் தண்ணீரைவிட இம்மி லேசு. அந்த இம்மியில்தான் விளையாட்டே நடக்கிறது. அடியில் சுருள் கம்பி ஒன்று கிடக்கும். இறங்கி வரும் உருண்டைகள் தனித்தனியாக நின்றுவிடாமல் மறுபடி ஒன்று சேர அது உதவுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் எட்வர்ட் கிரேவன் வாக்கர் என்ற ஆங்கிலேயர். இங்கிலாந்தில் 1963-ல் விற்பனைக்கு வந்தது. ஒரு சாராயக் கடையில் முட்டை வேகும் நேரத்தைக் கணக்கிட யாரோ இப்படி ஒரு குப்பி செய்து வைத்திருந்ததைப் பார்த்துத்தான் அவருக்கு யோசனை பிறந்ததாம். அடுப்படி சாமானிலிருந்து பிறந்த அலங்காரம்! அப்புறம் அமெரிக்காவில் சிகாகோ நகரத்துக்காரர்கள் உரிமை வாங்கி அங்கேயும் செய்ய ஆரம்பித்தார்கள். ஆக, உங்கள் வீட்டுக்கு வந்திருப்பது இங்கிலாந்துக் கடையில் வாங்கியதா, அமெரிக்கக் கடையில் வாங்கியதா என்பதுதான் முதல் கேள்வி. ஏனென்றால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட். அமெரிக்காவிலும் கனடாவிலும் வருவது 120 வோல்ட். வழக்கத்தில் 110 என்று சொல்வார்கள், இரண்டும் ஒன்றுதான் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஜப்பானில் இன்னும் குறைவு, 100 வோல்ட்தான். இங்கிலாந்து, சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய் எல்லாம் நம்மோடு சேர்ந்தவை. சவூதியில் முன்பெல்லாம் 127 வோல்ட்டும் உண்டு. அந்தக் காலத்தில் போய் வந்தவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும் சாமானை எடுத்தால் ஒரு தடவைக்கு இரு தடவை பாருங்கள்.

இங்கிலாந்து லாவா விளக்கு என்றால் கவலையில்லை. பிளக் மட்டும்தான் வேறு. சதுரக் கால்கள் உள்ள அந்தப் பெரிய பிளக்குக்குள் ஒரு சின்ன பியூஸ் ஒளிந்திருக்கும். அதை வெட்டிவிட்டு நம் பிளக்கை மாட்டினால் அந்த பியூஸ் போய்விடுகிறது. அதனால் வெட்டாமல், நல்ல அடாப்டர் வைத்தே பயன்படுத்துங்கள் என்பேன்.

அமெரிக்க விளக்கு என்றால் கதையே வேறு. 120 வோல்ட்டுக்குச் செய்த 25 வாட் பல்பை 230-ல் போட்டால், வோல்ட் இரண்டு மடங்குதானே, பல்பும் இரண்டு மடங்கு எரியும் என்று நினைக்காதீர்கள். வோல்ட் கூடும்போது கரண்ட்டும் சேர்ந்து கூடுகிறது. ஆகவே கிட்டத்தட்ட மூன்று மடங்கு உக்கிரத்தில் எரியும். எரியும் என்று சொல்வதே தப்பு. ‘பளிச்’ என்று ஒரு வெள்ளை வெளிச்சம், ‘டப்’ என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதிர்ஷ்டமிருந்தால் பல்போடு போகும். இல்லாவிட்டால் பல்பின் கண்ணாடியும் தெறிக்கும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கடையில் விற்கிறார்களே, உலகத்தின் எந்தப் பிளக்கையும் சொருகலாம் என்று ஒரு வெள்ளை அடாப்டர், அது வோல்ட்டை ஒரு பொட்டுகூடக் குறைக்காது. தட்டைக் காலை உருண்டைக் காலாக மாற்றித் தரும், அவ்வளவே. செருப்பு மாற்றினால் கால் சின்னதாகிவிடுமா? ‘அடாப்டர் போட்டுத்தான் சொருகினேன், எப்படிப் போச்சுன்னே தெரியல’ என்று சொல்கிற பெண்களை எனக்கே நாலைந்து பேரைத் தெரியும். அவர்கள் மேல் தப்பில்லை. அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும்.

எங்கள் தெருக்கோடி வீட்டு அக்காவுக்கு நடந்ததைச் சொன்னால் மீதி விளங்கும். மகள் நியூஜெர்சியிலிருந்து வந்தபோது ஊதா நிற லாவா விளக்கு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். அக்காவும் விவரம் தெரிந்தவர்தான், தானாகச் சொருகவில்லை. கடைத்தெருவில் ரிப்பேர் செய்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர், “இதுக்கு எதுக்கும்மா டிரான்ஸ்பார்மர்? ஒயர்ல ஒரு டயோடு போட்டா பாதி கரண்ட்தான் போவும்” என்று சொல்லி, பத்து நிமிஷத்தில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். விளக்கும் எரிந்தது. நாங்கள் எல்லோரும் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம், அழகாகத்தான் இருந்தது.

டயோடு என்பது கரண்ட்டை ஒரு பக்கமாக மட்டும் விடுகிற சின்ன உருப்படி. அது பாதி நேரம் கரண்ட்டை நிறுத்திவிடுவது நிஜம். ஆனால் பாதி நேரம் நின்றால் வோல்ட் பாதியாகிவிடாது. கணக்குப் போட்டால் 230 என்பது 163 ஆகத்தான் குறையும். 120-க்குச் செய்த பல்புக்கு 163 என்பது எவ்வளவு அதிகம்! தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத் தீர்த்தது. ஐந்தாறு மாலை ஓடியது. மெழுகெல்லாம் மேலே போய் ஒட்டிக்கொண்டு இறங்கவேயில்லை. பீடத்திலிருந்து பிளாஸ்டிக் தீய்ந்த வாசனை. அக்காவின் மூன்று வயசுப் பேரன் ‘பூ, பூ’ என்று அந்தக் குப்பியைப் பிடித்துவிட்டான். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். பைப்பைத் திறந்துவிட்டுத் தண்ணீரில் இருபது நிமிஷம் கையைப் பிடித்ததால் அத்தோடு போயிற்று. மறுநாள் பல்பும் வெடித்தது. நல்ல வேளை, குழந்தை பக்கத்தில் இல்லை.

இதில் எனக்கு மனசுக்கு வேதனையாக இருந்தது வேறொன்று. ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் மகள் பேசும்போதெல்லாம், “விளக்கு எரியுதாம்மா?” என்று கேட்பாளாம். “எரியுதுடி, ஜோரா எரியுது” என்பாராம் அக்கா. குழந்தை கை சுட்டதைச் சொன்னால் அவள் அங்கே உட்கார்ந்து அழுவாள் என்று பயம். இப்படியே நாலு மாதம் ஓடிவிட்டது. நான்தான் சொன்னேன்: “அக்கா, சொல்லிடுங்க. அடுத்த தடவை மிக்ஸியோ ஹீட்டரோ கொண்டுவந்தா என்ன பண்ணுவீங்க?” சொல்லிவிட்டார். மகள் அழவும் அழுதாள், அப்புறம் பெட்டியில் ஒட்டியிருந்த விவரச் சீட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி அவளே படித்துக் காட்டவும் செய்தாள்.

இப்போது அந்த விளக்கு நன்றாக எரிகிறது. டிரான்ஸ்பார்மர் இல்லாமலே. எப்படி என்று கேளுங்கள். லாவா விளக்கில் மிஷின் என்று எதுவும் கிடையாது. உள்ளே இருப்பது வெறும் பல்பும் ஹோல்டரும்தான். குப்பிக்கு வேண்டியது சூடு. அந்தச் சூடு 120-ல் வந்ததா, 230-ல் வந்ததா என்று மெழுகுக்குத் தெரியாது. ஆகவே பழைய ஹோல்டர், ஒயர், ஒயரில் இருக்கும் ஸ்விட்ச், பிளக் நாலையும் கழற்றிவிட்டு, நம் ஊர் சாமானாகப் போட்டு, அதே வாட்டில் 230 வோல்ட் பல்ப் மாட்டினால் முடிந்தது வேலை.

ஆனால் செய்கிறவர் உரிமம் வாங்கிய எலெக்ட்ரீஷியனாக இருக்கட்டும். நீங்களும் பக்கத்தில் நின்று சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்க பல்பின் மரை பலவற்றில் 17 மில்லிமீட்டர். நம் கடையில் கிடைக்கும் சின்ன மரை 14. அதைப் பழைய ஹோல்டரிலேயே திருகினால் தளதளவென்று ஆடும், பொறி பறக்கும். ஹோல்டரையே மாற்றத்தான் வேண்டும். பிளாஸ்டிக் வேண்டாம், பீங்கான் ஹோல்டர் கேளுங்கள், சூடு தாங்கும். பீடம் உலோகமாக இருந்தால் மூன்று நரம்புள்ள ஒயர் போட்டு, எர்த் நரம்பை பீடத்தோடு இறுக்கி, மூன்று முள் பிளக் மாட்டச் சொல்லுங்கள். அமெரிக்க விளக்குக்குப் பெரும்பாலும் இரண்டு கால்தான், எர்த் கிடையாது. குழந்தைகள் இருக்கிற வீட்டில் 230 வோல்ட்டை எர்த் இல்லாத தகரப் பீடத்துக்குள் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

பல்ப் வாங்கும்போது கடைக்காரர், “இதெல்லாம் இப்ப யாரும்மா வாங்குறாங்க, எல்.இ.டி. போடுங்க, கரண்ட் மிச்சம்” என்பார். மற்ற அறைக்கெல்லாம் அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இதற்கு மட்டும் ஆகாது. எல்.இ.டி. சூடே தராது, மெழுகு அசையாது, கலர் தண்ணீரில் வெளிச்சம் மட்டும் தெரியும். இழை உள்ள பழைய மாதிரி பல்ப்தான் வேண்டும், அதுவும் பெட்டியில் போட்டிருக்கிற வாட் எதுவோ அதுவே. 25 என்றால் 25. நாற்பது போட்டால் சீக்கிரம் ஆடுமே என்று ஆசைப்படாதீர்கள். பிரிட்ஜுக்குள் எரிகிற சின்ன பல்பின் மரை சரியாக இருக்கும், ஆனால் அது பெரும்பாலும் 15 வாட், சூடு போதாது. அக்காவுக்கு 25 வாட்டில் தேடிப் பிடிக்க மூன்று கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது. கிடைத்தபோது இரண்டாக வாங்கி வைத்துக்கொண்டார்.

விளக்கைப் பிரிக்க மனசில்லை, அப்படியே இருக்கட்டும் என்பவர்களுக்கு டிரான்ஸ்பார்மர் உண்டு. 230-ஐ 110 ஆக இறக்கித் தரும் பெட்டி. 25 வாட், 40 வாட் விளக்குக்கு 100 வாட் தாங்கும் பெட்டி போதும். சரியாக இழுக்கிற அளவுக்கே வாங்காமல் கொஞ்சம் தாராளமாக வாங்குவதுதான் நல்லது. தூக்கிப் பாருங்கள், உள்ளே இரும்பும் செம்புச் சுற்றும் இருந்தால் கனக்கும். தீப்பெட்டி மாதிரி லேசாக ஒன்று ‘கன்வெர்ட்டர்’ என்று கிடைக்கிறது. அது பயணத்தில் தலைமுடி உலர்த்துவது போன்ற வேலைக்குக் கொஞ்ச நேரம் ஓட்டுவதற்கு. மணிக்கணக்கில் எரிகிற விளக்குக்கு அதை நம்பாதீர்கள். டிரான்ஸ்பார்மரிலும் ஒரே சுற்றில் பாதியைப் பிரித்துத் தருகிற மலிவு ரகம் இருக்கிறது, இரண்டு சுற்றும் தனித்தனியாக உள்ள ரகமும் இருக்கிறது. இரண்டாவதைக் கேளுங்கள், விலை கூட என்றாலும். சில சமயம் விளக்கின் விலையைவிடப் பெட்டியின் விலை அதிகமாகிவிடும், அதனால்தான் ஹோல்டர் மாற்றுவதை நான் முதலில் சொன்னேன். இன்வெர்ட்டர் லைனில் சில வீடுகளில் டிரான்ஸ்பார்மர் ‘உர்ர்’ என்று உறுமிச் சூடாகும். கரண்ட் போனதும் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இருட்டில் லாவா விளக்கு எதற்கு, டார்ச் போதாதா?

பேன் ரெகுலேட்டரையோ வெளிச்சம் குறைக்கும் திருகு ஸ்விட்ச்சையோ வைத்து வோல்ட்டைக் குறைத்துக் கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். பிள்ளைகள் ஒரு திருகு திருகினால் முழு 230-ம் பாயும்.

எல்லாம் சரியாகச் செய்தும், ‘எங்க வீட்டில மெழுகு மேலேயே நிக்குது’ என்று எழுதியிருக்கிறார் ஒரு சகோதரி. அவர் விளக்கில் குறை இருக்காது. இது குளிர்ந்த ஊருக்குச் செய்த சாமான். அறையில் 20 முதல் 24 டிகிரி வரை இருந்தால் நன்றாக ஆடும். மேலே போன மெழுகு ஆறினால்தானே இறங்கும்? சித்திரை வெயிலில் நம் கூடத்திலேயே 35 டிகிரி இருக்கும்போது அது எங்கே ஆறுவது! மார்கழி, தை மாதத்து இரவில் போட்டுப் பாருங்கள். ஏ.சி. அறை என்றால் காற்று நேரே குப்பியில் அடிக்காமல் வையுங்கள். ஜன்னல் வெயில் படக்கூடாது, கலர் வெளுத்துவிடும். ஒரு மூச்சில் எட்டு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள். சூடாக இருக்கும்போது குலுக்கவோ இடம் மாற்றவோ கூடாது, உள்ளே கலங்கினால் அப்புறம் தெளிவது கஷ்டம்.

மெழுகு இளகவில்லையே என்று அடுப்பில் வைத்துச் சூடு பண்ணலாமா என்ற எண்ணமே வரக்கூடாது. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் 2004-ல் ஓர் இளைஞர் அப்படி அடுப்பில் வைத்து, குப்பி வெடித்து, கண்ணாடித் துண்டு நெஞ்சில் பாய்ந்து இறந்துபோனார்.

குப்பி உடைந்தால் முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். உள்ளே இருப்பது வெறும் கலர் தண்ணீர் என்று நினைக்காதீர்கள், மெழுகோடு வேறு ரசாயனங்களும் உண்டு. குழந்தை வாயில் பட்டு விழுங்கியிருந்தால் வாந்தி எடுக்க வைக்காமல், குப்பியையோ அதன் பெட்டியையோ கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தவழுகிற, பிடித்து நிற்கிற வயசுக் குழந்தை இருந்தால் இன்னும் இரண்டு வருஷம் விளக்கு ஷோகேஸுக்குள்ளேயே இருக்கட்டுமே.

மற்ற சாமான்களுக்கு வருவோம். எதை எடுத்தாலும் முதலில் அடியிலோ பின்பக்கமோ ஒட்டியிருக்கிற சீட்டைப் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு படியுங்கள், எழுத்து எள்ளு மாதிரிதான் இருக்கும். 100-240 என்று நடுவில் சின்னக் கோடு போட்டிருந்தால் எந்த நாட்டிலும் தானாகச் சமாளித்துக்கொள்ளும். போன் சார்ஜர், லாப்டாப் எல்லாம் இந்த ரகம், அடாப்டர் மட்டும் போதும். 110/220 என்று சாய்கோடு போட்டிருந்தால் எங்கேயோ ஒரு ஸ்விட்ச் இருக்கும், அதை 220 பக்கம் தள்ளிய பிறகே சொருக வேண்டும். 120 என்று மட்டும் இருந்தால் நேரே சொருகக் கூடாது, அவ்வளவுதான்.

மோட்டார் உள்ள சாமானில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. அங்கே கரண்ட் நொடிக்கு 60 தடவை துடிக்கிறது, இங்கே 50. டிரான்ஸ்பார்மர் வோல்ட்டை மாற்றுமே தவிர இந்தத் துடிப்பை மாற்றாது. கரண்ட்டின் துடிப்பை எண்ணி ஓடுகிற பழைய மாதிரி கடிகாரத்தை அங்கிருந்து கொண்டுவந்து மாட்டினால் மணிக்குப் பத்து நிமிஷம் பின்தங்கும். ஆறு மணிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையை எழுப்ப வேண்டியவர்கள் அதை நம்ப முடியுமா? சில வகை மோட்டார்கள் மெதுவாகச் சுற்றுவதோடு சூடாகவும் செய்யும். அதனால் பேன், கிரைண்டர் மாதிரியானவற்றை இங்கேயே வாங்கிக்கொள்வதுதான் உத்தமம்.

இங்கிருந்து கொண்டுபோகிறவர்களுக்கும் இதே கதைதான், திருப்பிப் போட்டு. நம் 230 வோல்ட் ஹீட்டரை அமெரிக்காவில் சொருகினால் வெடிக்காது, ஆனால் கால் பங்கு சூடுதான் வரும். தண்ணீர் சுடுவதற்குள் பொழுது விடிந்துவிடும். மகளுக்கு அரவை யந்திரம் அனுப்ப நினைக்கிற அம்மாக்கள், கோயம்புத்தூர்க் கிரைண்டரிலேயே 110 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று அந்த ஊருக்கென்று தனியாகச் செய்து விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்குங்கள். பில்லிலும் பெட்டியிலும் அந்த எண் இருக்கிறதா என்று பார்த்தே பணம் கொடுங்கள். பின்னொரு நாள் அவர்கள் ஊர் திரும்பும்போது அந்தக் கிரைண்டரையும் ஆசையாகத் தூக்கிக்கொண்டு வராமல், அங்கேயே யாராவது தமிழ்க் குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

டிரான்ஸ்பார்மர் வைத்தே லாவா விளக்கை எரிக்கப் போகிறவர்கள் இன்னொன்று செய்யலாம். அந்த மரையில் 120 வோல்ட் பல்ப் நம் ஊரில் லேசில் கிடைக்காது. அடுத்த தடவை பிள்ளைகள் வரும்போது சாக்லேட்டில் ஒரு பாக்கெட்டைக் குறைத்துக்கொண்டு, அந்த விளக்குக்கான பல்ப் இரண்டு கொண்டுவரச் சொல்லுங்கள். சட்டைத் துணிக்கு நடுவில் வைத்தால் உடையாமல் வந்து சேரும்.